குடியுரிமை மாறிய பிறகு பழைய இந்திய பாஸ்போர்ட்டில் ஊருக்கு வரலாமா?

கேள்வி: எனக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர், மகளோடு லண்டனில் இருக்கிறேன். 2024 தொடக்கத்தில் நானும் கணவரும் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டோம். மகள் இங்கேயே பிறந்தவள், பிறப்பாலேயே பிரிட்டிஷ் குடிமகள். என் இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2029 வரை காலம் இருக்கிறது. அந்த வருடம் ஆவணியில் அப்பா திதிக்கு அதைக் காட்டித்தான் திருச்சியில் இறங்கினேன், அதைக் காட்டியே திரும்பினேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. வருகிற தையில் கும்பகோணத்தில் அக்கா மகள் கல்யாணம். இந்த முறையும் அப்படியே வரலாமா? காரைக்காலில் எங்கள் சம்பந்தி வீட்டார் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு சாதாரணமாக வந்து போகிறார்களே? இன்னொன்று, அம்மா தன் பெயரில் உள்ள ஒன்பது மா நன்செய்யை இந்த முறையே எனக்குத் தான செட்டில்மெண்ட் எழுதித் தருவதாகச் சொல்கிறார். அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: கல்யாணத்துக்குக் கட்டாயம் வாருங்கள் சகோதரி, ஆனால் அந்த இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி வராதீர்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில், முறையான விசாவோடு வாருங்கள்.

நம் ஊர்ப்பக்கம் இருந்து வெளிநாடு போனவர்களில் நிறையப் பேர், "நான் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவில்லை, அதனால் நான் இன்னும் இந்தியக் குடிமகள்தான்" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 9(1), இந்தியக் குடிமக்களில் யார் தன் விருப்பப்படி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றாலும் அத்தோடு அவர் இந்தியக் குடிமகனாக இருப்பது முடிந்துவிடுகிறது என்கிறது. அதற்கு டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை, நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. லண்டனில் உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் வாங்கினீர்களே, அன்றைக்கே அது நடந்துவிட்டது. பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது என்பது ஏற்கெனவே போய்விட்ட குடியுரிமைக்கு எழுதும் கணக்கு, அவ்வளவுதான். 2029 என்று அதில் அச்சடித்திருக்கும் தேதிக்கு, உங்களைப் பொறுத்தவரை, 2024-இலேயே அர்த்தம் போய்விட்டது. குடியுரிமை விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: ஒருவர் வேறு நாட்டு அரசிடமிருந்து பாஸ்போர்ட் வாங்கியிருந்தாலே, அவர் அந்த நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றார் என்பதற்கு அது முடிவான சான்று. பிறகு வாதாடிப் பயனில்லை.

பிரிட்டன் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள விடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். விடுகிறது, உண்மைதான். ஆனால் அது பிரிட்டன் தன் பக்கத்தில் சொல்லும் வார்த்தை. இந்தியா தன் பக்கத்தில் முடியாது என்று சொல்லியாயிற்று, அப்புறம் இரண்டு எங்கிருந்து வரும்? (சிங்கப்பூருக்குப் போன நம் மன்னார்குடி, முத்துப்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை, ஏனென்றால் அந்த நாடே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.)

சரி, இனி விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று பார்ப்போம், ஏனென்றால் "ஒன்றும் ஆகாது, நான் வந்தேனே" என்று சொல்லும் நண்பர்கள் உள்ளே வருவதை மட்டும்தான் சொல்வார்கள். திருச்சியில் இறங்கும்போது இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டினால் அதிகாரி முத்திரை போட்டு விட்டுவிடக்கூடும். சிக்கல் திரும்பும்போதுதான். இந்திய பாஸ்போர்ட்டோடு லண்டனுக்குப் போகிறவரிடம் பிரிட்டன் போக விசா எங்கே, அங்கே வசிக்கும் உரிமை எங்கே என்று விமான நிறுவனமும் கேட்கும், குடியேற்ற அதிகாரியும் கேட்பார். 2024 ஆவணியில் உங்களிடம் பழைய குடியிருப்பு அட்டை இருந்திருக்கும், அதைக் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குடியுரிமை கிடைத்ததுமே அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது பிரிட்டன் பக்கத்து விஷயம், அதை அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் அந்த அட்டைகளின் காலம் 2024 டிசம்பர் 31-ஓடு தீர்ந்துவிட்டது. இப்போது உங்களிடம் காட்ட இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்றுதான். அதை எடுத்து நீட்டிய உடனே அடுத்த கேள்வி: இதில் இந்திய விசா எங்கே, நீங்கள் எப்படி உள்ளே வந்தீர்கள்? அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. கல்யாண வீட்டிலிருந்து நேராக விமானம் ஏற வந்தவர், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டியிருக்கும். இதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உட்படப் பழைய நான்கு சட்டங்களை எடுத்துவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 என்ற ஒரே சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. வெளிநாட்டவர் ஒருவர் செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் இப்போது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான், படிக்கவே மனசு வலிக்கும், ஆனாலும் அதுதான் நிலை. பாஸ்போர்ட் சட்டத்திலும் ஒன்று உண்டு: இந்தியக் குடிமகன் அல்லாத ஒருவர் தன் குடியுரிமை விவரத்தை மறைத்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் குறைந்தது ஒரு வருடம், அதிகமாக ஐந்து வருடம் சிறை, பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை அபராதம். 2029 வந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் இன்றோடு அதை விட்டுவிடுங்கள்.

2024-இல் வந்து போனதை என்ன செய்வது? மறைக்காதீர்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் விண்ணப்பத்தில் குடியுரிமை பெற்ற தேதியையும், அதற்குப் பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்ததையும் உள்ளபடி எழுதுங்கள். தண்டத்தொகை கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள். இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் தூதரகத்தில் இதற்கு ஒரு வழிமுறையே இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே கேட்காதீர்கள். அது பொய்ப் புகார், தனிக் குற்றம், அதோடு நீங்கள் திருச்சியில் இறங்கியதும் கிளம்பியதும் குடியேற்றத் துறையின் கணினியில் பதிவாகி இருக்கிறது. தண்டம் கட்டி முடிய வேண்டிய விஷயத்தை ஏன் வழக்காக்கிக்கொள்ள வேண்டும்?

ஆகவே வரிசை இதுதான். முதலில் லண்டனிலேயே பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குங்கள், கணவருக்கும் சேர்த்து. அது கைக்கு வந்த பிறகு மூன்று பேருக்கும் ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் வாழ்நாள் விசா அட்டை) விண்ணப்பியுங்கள். ஒப்படைப்புச் சான்றிதழ் இல்லாமல் முன்னாள் இந்தியருக்கு ஓசிஐ நகராது. அது கிடைக்க வாரக் கணக்கில் ஆகும், தைக்குள் வராது என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், இ-விசா எடுத்து வாருங்கள். உறவினரைப் பார்க்க வருவதற்கு இ-சுற்றுலா விசாவே போதும். இ-விசாவில் வந்து இறங்கக்கூடிய விமான நிலையங்களின் பட்டியலில் திருச்சியும் இருக்கிறது, சென்னைக்குப் போய் இறங்க வேண்டியதில்லை. பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பம் போயிருக்க வேண்டும், ஆனால் கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். அரசு இணையதளம் மாதிரியே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம், முகவரி அரசுக்கு உரிய 'ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடிகிறதா என்று பார்த்து நுழையுங்கள். முன்பு எந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள், இந்தியா என்றே எழுதுங்கள்.

பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். நம் பழக்கத்தில் இனிஷியல்தான், அதை ஒரு பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரித்திருப்பார்கள், இன்னொன்றில் கணவர் பெயர் கடைசியில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் ஆவணங்களை இப்போதே சேர்த்துவையுங்கள், ஓசிஐக்கும் வேண்டும், நாளை பட்டாவுக்கும் வேண்டும்.

ஓசிஐ என்பது இரட்டைக் குடியுரிமை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வாழ்நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து போகும் விசா, எவ்வளவு நாள் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம், வங்கி, வீடு போன்ற காரியங்களில் வெளிநாடு வாழ் இந்தியருக்குச் சமமான வசதி. ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை. மகள் இருபது வயது தாண்டி எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டோடு அட்டையை ஒருமுறை மாற்ற வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

காரைக்கால் சம்பந்தியோடு உங்களை ஒப்பிடாதீர்கள், அது வேறு கதை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பொதுவாக இந்தியக் குடிமக்கள் ஆனார்கள், ஆனால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்று வழி விட்டிருந்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இந்தியக் குடியுரிமையை இழக்கவே இல்லை, ஏனென்றால் அவர்கள் அதைப் பெறவே இல்லை. உங்கள் சம்பந்தி வீடு அந்த வகையாக இருந்தால் அவர்களும் விசாவிலோ ஓசிஐயிலோதான் வந்து போவார்கள். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் ஓசிஐ உண்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு இந்திய பாஸ்போர்ட்டையும் யாராவது அங்கே வைத்திருந்தால், அவருக்கும் நான் உங்களுக்குச் சொன்னதையேதான் சொல்வேன்.

இனி நிலம். கல்யாணத்தைவிட இதில்தான் உங்களுக்கு ஆபத்து அதிகம். வெளிநாட்டில் வாழ்கிறவர், அவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் சரி, ஓசிஐ வைத்திருந்தாலும் சரி, இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் வாங்க முடியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019-இல் வந்த விதி அது. பெற்ற தாய் எழுதிக் கொடுத்தாலும் தான செட்டில்மெண்ட் தானம்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் அது செல்லும் என்று ஆகிவிடாது, பின்னால் அமலாக்கத் துறை எடுத்தால் சொத்து மதிப்பைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர், அதன் மதிப்பை மூன்றால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாரிசாக வருவதற்குத் தடையே இல்லை. அம்மாவிடம் சொல்லி செட்டில்மெண்ட்டுக்குப் பதிலாக உயில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் உயிலில் பலன் பெறாதவர்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள், அம்மா நல்ல தெளிவோடு இருக்கும்போதே. அக்காவுக்கும் விஷயம் தெரிந்தே நடக்கட்டும், உயில் இல்லாவிட்டால் நிலம் அம்மாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்காகப் போகும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும், பின்னால் மனக்கசப்பு வராது. அப்படி வாரிசாக வந்த நிலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். விற்பதாக இருந்தால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் இந்தியாவில் வரும் பணத்துக்காக இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வரும், அங்கிருந்து வரி கட்டிய கணக்கோடு ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே எடுத்துப் போகலாம்.

வங்கி என்றதும் நினைவு வருகிறது. ஊரில் பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் அதை என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள், குடிமகள் அல்லாதவர் பெயர் அதில் இருக்கக் கூடாது, குடிமகள் என்று பொய்யாக உறுதி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. தேர்தல் நேரத்தில் ஊரில் இருக்க நேர்ந்தால், யார் கூப்பிட்டாலும் வாக்குச்சாவடிக்குப் போகாதீர்கள்.

விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே எடுங்கள். ஏற்கெனவே இந்திய பாஸ்போர்ட் விவரம் கொடுத்து எடுத்திருந்தால் இந்த வாரமே விமான நிறுவனத்திடம் சொல்லி மாற்றிவிடுங்கள். ஒப்படைப்புச் சான்றிதழின் நகல் ஒன்றையும், அச்செடுத்த இ-விசாவையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.