தம்பி, நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது

தம்பி, நீட் மதிப்பெண்ணுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும், ஆனால் மனசு இயற்பியலில் என்று எழுதியிருக்கிறீர்கள். கடலுக்குப் போகும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற தவிப்பு புரிகிறது, நானும் மண்டபத்துக்காரன்தான்.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். பிடிக்காமல் ஓட்ட முடியாது. ராமேஸ்வரத்துக் கலாமும் திருச்சியில் இயற்பியல் படித்தவர்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம், மருத்துவ இயற்பியல் என்று ஒரு துறை உண்டு. நான் அதில்தான் இருக்கிறேன். காலையில் சிகிச்சை இயந்திரம் தரும் கதிர்வீச்சின் அளவைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் புற்றுநோயாளியை உள்ளே அழைப்போம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு எம்.எஸ்சி. படிக்கலாம்.

கவுன்சலிங்குக்கு முன்னால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் மதுரைக்கு வாங்க, அந்த அறையைக் காட்டுகிறேன்.