360 டிகிரி மெய்நிகர் சுற்றுலாவைப் பல மொழிகளில் தர என்னென்ன செய்ய வேண்டும்?

இப்படி ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம்: இருபது காட்சிகள் (ஓரிடத்தில் நின்று எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்கும் படங்கள்) கொண்ட சுற்றுலா ஒரே மொழியில் தயாராக இருக்கிறது, இன்னும் நான்கு மொழிகள் சேர்க்க வேண்டும், அவ்வப்போது நேரலையாகவும் நடத்த வேண்டும். மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. படத்தையும் மொழியையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் முடிந்த சுற்றுலாவை அப்படியே நகலெடுத்து, நகலில் உரையை மட்டும் மாற்றுகிறார்கள். முதல் வாரம் அது வேகமான வழியாகத் தெரியும். பிறகு ஒரு காட்சியை மறுபடி படம்பிடித்தால் ஐந்து இடங்களில் ஏற்ற வேண்டும். ஒரு ஹாட்ஸ்பாட்டை (தட்டினால் குறிப்போ அடுத்த காட்சியோ திறக்கும் இடம்) நகர்த்தினாலும் ஐந்து இடங்களில் நகர்த்த வேண்டும். நான்காவது திருத்தம் வருவதற்குள் ஐந்தும் ஐந்து விதமாகக் கிடக்கும். படங்களும் ஹாட்ஸ்பாட் இருப்பிடங்களும் ஒரே தொகுதியாக இருக்க, மொழிக்கு ஓர் உரைக்கோப்பும் ஓர் ஒலிக் கோப்புறையும் வைப்பதுதான் நிலைக்கும் அமைப்பு. சுற்றுலா உருவாக்கும் மென்பொருள்களான 3டிவிஸ்டா, பேனோ2விஆர் இரண்டிலும் ஒரே திட்டத்துக்குள் பல மொழிகளை வைக்கலாம். கேஆர்பேனோ, மார்ஸிபானோ, பேனலம் ஆகிய கருவிகளில் நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் உரைகளை வெளியே வைத்து மொழிக்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம்.

பிரிக்கும்போது படத்துக்குள்ளேயே பதிந்துபோன எழுத்துகளைத் தேடி எடுங்கள். அம்புக்குறியின் மேல் எழுதிய அறைப் பெயர், தொடக்கப் படத்தின் தலைப்பு எல்லாம் மேலே மிதக்கும் உரையாக மாற வேண்டும். அதிகம் மறந்துபோவது தள வரைபடம்தான். அது ஒரே படக் கோப்பாக இருப்பதால், மற்றதெல்லாம் மொழி மாறினாலும் வரைபடம் மட்டும் பழைய மொழியிலேயே நின்றுவிடும்.

அடுத்தது ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஒவ்வொரு உரைக்கும் ஒரு வரி. அதில் காட்சி எண், ஹாட்ஸ்பாட்டின் அடையாளப் பெயர், மூல உரை, அந்த இடத்தின் ஸ்கிரீன்ஷாட், எத்தனை எழுத்து வரை கொள்ளும் என்ற எல்லை, பிறகு மொழிக்கு ஒரு நெடுவரிசை. ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிடாதீர்கள். 'திற' என்ற ஒற்றைச் சொல் கதவையா, கோப்பையா, வீடியோவையா என்று தெரியாமல் மொழிபெயர்ப்பவர் ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். காட்சிக்கு நான்கு குறிப்புகள் என்றால் 80 உரைகள், ஐந்து மொழிக்கு 400. இதைத் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக ஒட்டினால் பிழை வராமல் இருக்காது. பட்டியலிலிருந்து நேராகக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

மூல உரையை மொழிபெயர்க்கக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை திருத்தி எழுத வேண்டும். இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 360 டிகிரி காட்சியில் பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. 'உங்கள் இடப்பக்கம் இருக்கும் தூணைப் பாருங்கள்' என்று குரல் சொல்லும் நேரத்தில் அவருடைய இடப்பக்கத்தில் வெறும் சுவர் இருக்கலாம். மொழி கூடக் கூட இது மோசமாகும், ஏனென்றால் ஒரே வாக்கியம் ஒரு மொழியில் நான்கு நொடி, இன்னொன்றில் ஏழு நொடி பிடிக்கும். அதனால் திசைச் சொற்களைத் தூக்கிவிட்டு, கண்ணில் படும் பொருளை அடையாளமாகச் சொல்லுங்கள்: 'சிவப்புக் கதவை ஒட்டி நிற்கும் தூண்'. பார்வையைக் கட்டாயம் ஓரிடத்துக்குத் திருப்ப வேண்டுமென்றால், கேமராவைத் தானாகத் திருப்பும் கட்டளையை நொடிக் கணக்கில் வைக்காமல், அந்தந்த மொழி ஒலிக்கோப்பின் குறியீட்டுப் புள்ளியோடு (அந்தச் சொல் வரும் இடத்தில் வைக்கும் அடையாளம்) கட்டுங்கள். கூடவே 30 முதல் 50 சொற்கள் கொண்ட கலைச்சொல் பட்டியல் ஒன்றும் வேண்டும். ஊர்ப்பெயர், ஆள் பெயர், கட்டடப் பகுதிகளின் பெயர் எல்லா மொழியிலும் எப்படி வர வேண்டும் என்பதை முதலிலேயே முடிவுசெய்தால், பின்னால் ஒரே மண்டபத்துக்கு மூன்று பெயர் வராது.

இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் சுற்றுலாவுக்குள் நுழைந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே படித்துத் திருத்த வேண்டும். பட்டியலில் சரியாக இருந்த வாக்கியம் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தவறாக இருப்பது சகஜம்.

எழுத்துரு விஷயத்தில் தமிழ், இந்தி, அரபி சேர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உரையைப் படத்தின் மேல் வலைப்பக்க உரையாக (ஹெச்டிஎம்எல் அடுக்கில்) காட்டினால் உலாவியே எழுத்துகளைச் சரியாகக் கோத்துவிடும். படத்துக்குள் முப்பரிமாண எழுத்தாக வரையும் பல கருவிகளுக்கு அந்தக் கோக்கும் வேலை தெரியாது. அப்போது 'கொ' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், அரபி எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரியும். விஆர் தலைக்கவசத்துக்கென்று தனியாகச் செய்யும் செயலிகளில் இது அடிக்கடி நடக்கும். நோட்டோ எழுத்துரு குடும்பம் கிட்டத்தட்ட எல்லா எழுத்து முறைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. சீனம், ஜப்பானிய எழுத்துருக்கள் பல எம்பி இருப்பதால், பயன்படுத்தும் எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து ஏற்றுங்கள். அரபி, உருது, ஹீப்ரு மொழிகளில் உரைப்பெட்டியும் மெனுவும் வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும், படமும் காட்சிக்குள் இருக்கும் அம்புகளும் திரும்பக் கூடாது. சிலர் முழுப் பக்கத்தையும் ஒரே கட்டளையில் புரட்டிவிட்டு, கதவு இருக்கும் திசைக்கு எதிராக அம்பு நிற்பதைப் பிறகு கண்டுபிடிப்பார்கள்.

பெட்டிகளின் அளவைச் சோதிக்க மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லா மூல உரைகளின் முன்னும் பின்னும் அடைப்புக்குறி போட்டு, நீளத்தை 40 சதவீதம் கூட்டி ஒரு போலி மொழியை உருவாக்கி ஓட்டிப் பாருங்கள். எங்கே உரை வழிகிறது என்பது தெரியும். அடைப்புக்குறி இல்லாமல் தெரியும் உரை எதுவோ, அது இன்னும் கோப்புக்கு வெளியே எங்கோ ஒட்டிக்கிடக்கிறது என்று பொருள்.

மொழித் தேர்வுத் திரையில் கொடிகளை வைக்காதீர்கள். கொடி நாட்டுக்கு உரியது, ஒரு மொழி பல நாடுகளிலும் ஒரு நாட்டில் பல மொழிகளும் இருக்கின்றன. மொழியின் பெயரை அதன் எழுத்திலேயே எழுதுங்கள். ஐபி முகவரியை வைத்து மொழியை முடிவுசெய்யாமல், உலாவியின் மொழி அமைப்பைப் பார்த்துப் பரிந்துரைத்துவிட்டு, மாற்றும் பொத்தானை எல்லாக் காட்சியிலும் வையுங்கள். நடுவில் மொழியை மாற்றினால் அதே காட்சியும் அதே பார்வைக் கோணமும் தொடர வேண்டும், முதல் காட்சிக்குத் துரத்தக் கூடாது. இந்தத் தொடக்கத் திரைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒலி உள்ள எதையும் பயனர் ஒருமுறையாவது தொடும்வரை உலாவிகள் பெரும்பாலும் தானாக ஓடவிடுவதில்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தட்டலே அந்த அனுமதியைத் தந்துவிடும். 'குரல் வரவில்லை' என்ற புகார்களில் நிறைய இதனால் வருபவைதான்.

ஒவ்வொரு மொழிக்கும் தனி இணைய முகவரி கொடுத்து, எச்ரெஃப்லாங் குறிகளால் (ஒரே பக்கத்தின் மற்ற மொழி வடிவங்களைத் தேடுபொறிக்குச் சொல்பவை) ஒன்றையொன்று சுட்டச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டினால் தேடுபொறி அதைக் கணக்கில் எடுக்காது. பக்கத்தின் மொழிக் குறியையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் தமிழ் உரையை வேறு மொழிக் குரலில் படிக்க முயலும்.

குரலுக்கு, காட்சிக்கு ஒரு நிமிடம் போதும். பேச்சுக்கு மோனோ (ஒற்றைத் தட) எம்பி3, 96 கேபிபிஎஸ் தாராளம். நிமிடத்துக்குச் சுமார் 0.72 எம்பி வரும். இருபது காட்சிக்கு மொழிக்கு 14 எம்பி சொச்சம், அதையும் காட்சி திறக்கும்போது மட்டும் இறக்குங்கள். காட்சிக்கு ஒரு கோப்பாகப் பதிவுசெய்தால், ஒரு வரி மாறும்போது அந்தக் கோப்பை மட்டும் மறுபதிவு செய்யலாம். வெப்விடிடி என்ற இணைய சப்டைட்டில் கோப்பு வடிவில் சப்டைட்டில் எல்லா மொழிக்கும் கட்டாயம் வேண்டும், ஒலியில்லாமல் பார்ப்பவர்கள் நிறைய. செயற்கைக் குரல் அறிவிப்புகளுக்குப் பரவாயில்லை. நீண்ட விளக்கத்துக்கு மனிதக் குரலே நல்லது, பெயர்களைச் சிதைக்காமல் சொல்லும்.

நேரலை வேறு வகை வேலை. ஜூமில் மொழிபெயர்ப்பு வசதியை முன்கூட்டியே கணக்கு அமைப்பில் இயக்க வேண்டும். தனிப்பட்ட கூட்ட எண்ணில் அது வேலை செய்யாது, புதிதாக உருவாக்கிய கூட்ட எண் வேண்டும். ஜூமின் சேவையகத்தில் சேமிக்கும் கிளவுட் பதிவில் மூல ஒலி மட்டுமே வரக்கூடும் என்பதால், மற்ற மொழிகளின் பதிவு வேண்டுமென்றால் அந்தந்த ஒலித்தடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் தன் கணினியில் பதிவுசெய்வது நல்லது. கூடவே பேசி மொழிபெயர்ப்பவர் ஒருவரால் தொடர்ந்து நீண்ட நேரம் பேச முடியாது. மொழிக்கு இருவர், 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவதே வழக்கம். அவர்களுக்கு உரையும் கலைச்சொல் பட்டியலும் இரண்டு நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும். வழிகாட்டிக்கு ஒரே ஓர் ஒழுங்கு: பேசி முடித்ததும் கேமராவை அசைக்காமல் ஐந்து நொடி நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பு சில நொடி பின்னால் வரும். உடனே அடுத்த இடத்துக்குத் திரும்பிவிட்டால், மற்ற மொழிக்காரர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு தரையின் விளக்கத்தைக் கேட்பார்கள்.

நான்கு மொழிகளையும் ஒரே நாளில் வெளியிட வேண்டியதில்லை. பாதி மொழிபெயர்த்த ஐந்தைவிட முழுமையான இரண்டு மேல். ஸ்ப்ரெட்ஷீட்டில் மூல உரையின் மாற்றத் தேதிக்கு ஒரு நெடுவரிசையும், ஒவ்வொரு மொழியின் தேதிக்கு ஒரு நெடுவரிசையும் வைத்தால், எந்த மொழி பின்தங்கியிருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும். மொழிபெயர்ப்பு இன்னும் வராத குறிப்பு வெற்றுப் பெட்டியாகத் திறக்காமல் மூல மொழியில் திறக்கும்படி அமைத்துவிடுங்கள்.