பழைய கன்வெர்ட்டிபிள் வாங்கப் போறீங்களா? மொதல்ல கார்பெட்டுக்கு அடியில கைய வச்சுப் பாருங்க

ரெண்டு சீட்டு, தொறந்து மூடுற கூரை, 15 வருஷம் 20 வருஷம் ஓடின வண்டி, இதப் பத்தி கேள்வி நெறைய சேந்துபோச்சு. ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணாக்கிட்டு, முடிஞ்சதுக்கெல்லாம் இங்கயே பதில் சொல்லிடறேன்.

மொத தடவையா பழைய கன்வெர்ட்டிபிள் பாக்கப் போறேன் சார். போனதும் எதைப் பாக்கணும், இன்ஜினையா?

இன்ஜின் அப்புறம். மொதல்ல தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க.

சாதாரண காருக்கு மேல தகரம் இருக்கு, இதுக்கு துணியும் ரப்பர் பீடிங்கும்தான். துணி மேல விழற மழைத்தண்ணி பின்பக்கம் வழிஞ்சு, சீட்டுக்குப் பின்னாடி வாய்க்கால் மாதிரி இருக்கற ஒரு பள்ளத்துல சேந்து, ரெண்டு பக்கமும் இருக்கற ட்ரெய்ன் ஓட்டை வழியா தரைக்கு எறங்கணும், அப்படித்தான் பெரும்பாலான வண்டியில பண்ணியிருக்காங்க. அந்த ஓட்டையில இலையும் மண்ணும் அடைச்சுக்கிச்சுன்னா தண்ணி வேற வழி தேடும், அது தேடுற வழி எல்லாமே வண்டிக்கு உள்ளதான் போகும்.

நான் வாங்கின மொத ரோட்ஸ்டர்ல, அதாவது இந்த மாதிரி ரெண்டு சீட்டு கன்வெர்ட்டிபிள்ல, எனக்கு இது தெரியாது. செவப்பு கலர், பெயின்ட்டு கண்ணாடி மாதிரி மின்னுச்சு, இன்ஜின் அருமையா ஓடுச்சு, வேற எதையும் பாக்கல. வாங்கி மூணாவது வாரம் ஒரு வளைவுல திரும்பும்போது கதவுக்குக் கீழ இருந்து சளக்குன்னு ஒரு சத்தம், பாதி தண்ணி இருக்கற பாட்டிலை ஆட்டினா வருமே, அதேதான். கதவுக்கு அடியில நீளமா பெட்டி மாதிரி ஓடுற பாகத்தை சில்லுன்னு சொல்லுவாங்க, அதுக்கு அடியில இருந்த ரப்பர் மூடியைக் கழட்டினேன், காவி கலர்ல அரை பக்கெட் தண்ணி கொட்டுச்சு, கூடவே விரல் நகம் அளவுக்கு துருச் செதில். வெளியில இருந்து பாத்தா ஒரு சின்ன கொப்புளம் கூட இல்ல, உள்ள இருந்து அரிச்சுக்கிட்டே வந்திருக்கு. அந்த வேலைய முடிக்க வண்டி வாங்கின காசுல பாதி போச்சு.

அதனால சீட்டை முழுசா முன்னாடி தள்ளிட்டு, பின்னாடி கார்பெட்டை உள்ளங்கையால நல்லா அழுத்திப் பாருங்க. மேல காஞ்சிருக்கும், அடியில இருக்கற ஸ்பாஞ்சு ஊறிப்போய் இருக்கும், அழுத்தினாதான் கைக்கு ஈரம் தெரியும். டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியையும் பாருங்க. கண்ணாடி எல்லாம் ஏத்தி மூடி வச்சிருந்த வண்டியில கதவைத் தொறந்ததும் வர்ற மொத மூச்சு ரொம்ப முக்கியம், ஊறின சாக்கு வாசம் வந்தா அது எத்தனை ஏர் ஃப்ரெஷ்னர் தொங்கவிட்டாலும் போகாது, சொல்லப்போனா ரெண்டு மூணு ஃப்ரெஷ்னர் தொங்குதுன்னாலே இன்னும் கவனமா பாருங்க. ஓனர்கிட்ட கேட்டுட்டு அந்த ட்ரெய்ன்ல ஒரு லிட்டர் தண்ணி மெதுவா ஊத்துங்க. கொஞ்ச நேரத்துல வண்டிக்கு அடியில சொட்டணும். சொட்டலைன்னா அந்த ஒரு லிட்டர் எங்க போச்சுன்னு ஓனரையே கேளுங்க.

மாஸ்டா எம்எக்ஸ்-5 பாக்கறேன், மொத தலைமுறை, ஹெட்லைட்டு மேல எந்திரிக்குமே அது. இதுக்குன்னு தனியா எதாவது இருக்கா அண்ணா?

இருக்கு தம்பி. 1989ல இருந்து 1997 வரைக்கும் வந்த வண்டி அது. உலகத்துலயே அதிகமா வித்த ரெண்டு சீட்டு ரோட்ஸ்டர் இந்த எம்எக்ஸ்-5 தான், 2016ல 10 லட்சத்தைத் தாண்டிருச்சு, அதனால பார்ட்ஸுக்கு பெருசா அலைய வேண்டாம்.

நான் மேல சொன்ன சில் கதை இதுக்கும் அப்படியே பொருந்தும். பின் சக்கரத்துக்கு முன்னாடி, சில்லோட கடைசி ஒரு அடி நீளத்துலதான் துரு ஆரம்பிக்கும். விரல் முட்டியால தட்டிக்கிட்டே வாங்க, டங் டங்குன்னு வந்த சத்தம் திடீர்னு தொப்புன்னு மாறுச்சுன்னா அங்க தகரம் இல்ல, பட்டி இருக்கு. காந்தம் வச்சுப் பாக்கற பழக்கம் இருந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, இந்த வண்டி பானட்டு அலுமினியம், அதுல காந்தம் ஒட்டாது, அதைப் பாத்து பயப்படாத.

இன்ஜின்ல ஒரு விஷயம். ஆரம்பத்துல, ஏறக்குறைய 1991 வரைக்கும் வந்த 1.6 லிட்டர் இன்ஜின்ல கிராங்க்ஷாஃப்ட்டோட, அதான் இன்ஜினுக்குள்ள சுத்தற மெயின் தண்டோட, முன் மூக்கு குட்டையா இருக்கும். டைமிங் பெல்ட்டு மாத்தும்போது அந்த மூக்குல மாட்டியிருக்கற புல்லியோட போல்ட்டை சரியா முடுக்காம விட்டா, புல்லி நழுவாம புடிச்சு வைக்கற சாவிப் பள்ளம் தேஞ்சு, கடைசியில கிராங்க்கே வீணாயிடும். முன்னாடி டார்ச் அடிச்சு புல்லியைப் பாரு, அதுல 4 வெட்டு தெரிஞ்சா குட்டை மூக்கு, 8 தெரிஞ்சா அப்புறம் மாத்தின நீள மூக்கு. குட்டை மூக்குன்னு தெரிஞ்சதும் விட்டுட்டு ஓட வேண்டாம், சூடு ஏறி ஐடில்ல நிக்கும்போது புல்லி ஆடாம சுத்துதான்னு பாரு. பெல்ட்டு 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும், எப்ப மாத்தினாங்கன்னு பில்லு கேளு. வாய்ப்பேச்சு வேண்டாம்.

போர்ஷா பாக்ஸ்டர் எம்எக்ஸ்-5 விலைக்கே கெடைக்குது. ஏன் இவ்ளோ சீப்பு?

பாதி காரணம் அந்த மூணெழுத்து, ஐஎம்எஸ். 1996ல இருந்து 2004 வரைக்கும் வந்த 986 மாடல் இன்ஜினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட்டுன்னு ஒண்ணு ஓடுது, அதோட ஒரு முனையில இருக்கற பேரிங் உடைஞ்சா இன்ஜின் மொத்தமும் போயிடும். எல்லா வண்டியிலயும் உடையறதில்ல, ஓடிக்கிட்டே இருக்கற வண்டிங்க எக்கச்சக்கம், ஆனா உடைஞ்சா ரிப்பேர்னு பேச எதுவும் மிஞ்சாது. கியர்பாக்ஸைக் கழட்டினாதான் அந்த பேரிங்குக்குக் கை போகும், அதனால கிளட்ச் மாத்தும்போது சேத்தே மாத்திருவாங்க. ஓனர்கிட்ட "கிளட்ச் மாத்தினீங்களா, அப்ப ஐஎம்எஸ் பேரிங் பாத்தாங்களா"ன்னு ஒரே மூச்சுல கேளுங்க. விஷயம் தெரிஞ்சு வச்சிருந்தவர் உடனே ஃபைலை எடுப்பாரு. வாங்கறதுக்கு முன்னாடி ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாக்க சம்மதிச்சாங்கன்னா இன்னும் நல்லது, மடிப்புக்குள்ள மினுமினுன்னு இரும்புத் துகள் இருந்தா அந்த வண்டி வேண்டாம்.

மீதி பாதி காரணம் இதுலயும் தண்ணிதான். சென்ட்ரல் லாக்கையும், சரியான சாவி இல்லாம வண்டி கெளம்பாம தடுக்கற இம்மொபிலைசரையும் பாக்கற பெட்டி சீட்டுக்கு அடியில தரையில உக்காந்திருக்கு, ட்ரெய்ன் அடைச்சு தரை நனைஞ்சா அது செத்துரும், அப்புறம் சாவி போட்டாலும் வண்டி கெளம்பாது. பிஎம்டபிள்யூ இசட்4 மொத மாடலும் இதே கதைதான், அதுல கூரை மோட்டார் கீழ்மூலையில இருக்கறதால தண்ணி தேங்கினா முங்கிப்போகும், கூரை பாதியில நின்னா பலதுல காரணம் இதுதான். சீப்பா கெடைச்சாலும் ரிப்பேருக்கு வர்ற பில்லு போர்ஷா பில்லுதான், அதை யோசிச்சு எறங்குங்க.

ஹோண்டா எஸ்2000 ஓட்டினா ஆயில் குடிக்குமாமே?

கொஞ்சம் குடிக்கும். 2 லிட்டர் இன்ஜினை 9000 ஆர்பிஎம் வரைக்கும் சுத்த விட்டு 240 குதிரை சக்தி எடுக்கறாங்க, டர்போ கூட கெடையாது, அதனால அடிக்கடி டிப்ஸ்டிக் பாக்கற பழக்கம் வேணும். போய் நின்னதும் நீங்களே டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க, அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்தா ஓனருக்கு அந்தப் பழக்கம் இல்லன்னு அர்த்தம், எனக்கு அதுவே போதும். கெளம்பும்போது முன்பக்கம் கரகரன்னு சத்தம் வந்தா டைமிங் செயின் டென்ஷனர், அது மாத்திக்கலாம்.

விக்கறவர் நான் போறப்பவே இன்ஜினை ஓட விட்டு வச்சிருந்தாரு. பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். ஆறின இன்ஜின்லதான் உண்மை தெரியும், ஸ்டார்ட் பண்ணதும் பின்னாடி நீலப் புகை ஒரு கொத்து வந்தா வால்வு சீல், வெள்ளைப் புகை நிக்காம இனிப்பு வாசத்தோட வந்தா ஹெட் கேஸ்கெட்டு. ரெண்டாவது கியர் கரக்குன்னு போறதும் ஆறின கியர்பாக்ஸ்லதான் தெரியும். பானட்டு மேல கைய வைங்க, சூடா இருந்தா "இன்னொரு நாள் வர்றேன்"னு சொல்லுங்க.

கூரை பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிப்போச்சு. துணி நல்லாத்தான் இருக்கு. இதுக்கு வெலை கொறைக்கலாமா?

தாராளமா கொறைங்க. மங்கினதை பாலிஷ் போட்டு கொஞ்சம் தெளிய வைக்கலாம், மடிப்புல வெள்ளையா கோடு விழுந்து வெடிச்சதை ஒண்ணும் பண்ண முடியாது. சில வண்டியில கண்ணாடிப் பகுதி மட்டும் ஜிப்பு வச்சு தனியா வரும், அது மட்டும் மாத்தலாம், தச்சு ஒட்டினதா இருந்தா பெரும்பாலும் கூரையே மாத்தற மாதிரி ஆயிடும். குளிர்ல பிளாஸ்டிக் வெறைச்சுக்கும், அப்ப மடிச்சீங்கன்னா பட்டுன்னு கீறும், அதனால வாங்கினப்புறம் வெயில்ல கொஞ்ச நேரம் நிறுத்திட்டு மடிக்கற பழக்கம் வச்சுக்கோங்க.

துணி நல்லாருக்குன்னு சொல்றீங்க, உள்ள உக்காந்து கூரையை மூடிட்டு வெளிச்சத்துக்கு எதிரா அண்ணாந்து பாருங்க, மடிப்பு வர்ற எடத்துல ஊசி முனை மாதிரி பொட்டுப் பொட்டா வெளிச்சம் தெரியக்கூடாது. ஏத்தி எறக்கறது ஒரு தடவை போதாது, மூணு தடவை பண்ணுங்க. ஹைட்ராலிக் கூரைன்னா டிக்கியிலயோ கூரைச் சட்டத்துலயோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கான்னு தடவிப் பாருங்க.

25 வருஷ வண்டி, 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. விடலாமா அண்ணா இத?

நம்பரைப் பாத்து மயங்காதீங்க. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சு, டிரைவர் சீட்டு வெளி ஓரம் வெடிச்சு, ஸ்டியரிங் தோல் பளபளன்னு ஆகியிருந்தா 40,000ங்கற கணக்கு இடிக்குது. வருஷா வருஷம் சர்வீஸ் பில்லுல கிலோமீட்டர் ஏறிக்கிட்டே வருதான்னு வரிசையா பாருங்க.

நெஜமாவே 40,000ன்னா அதுக்கு வேற தொல்லை. நின்ன வண்டியில ரப்பர் எல்லாம் காஞ்சு ஆயில் சீல் கசியும், பிரேக் காலிப்பர் இறுகிக்கும், டேங்க்ல பெட்ரோல் கெட்டுப்போகும். டயர் பள்ளம் புதுசு மாதிரி இருக்கும், ஆனா பக்கவாட்டுல நாலு நம்பர் போட்டிருக்கும் பாருங்க, 2309னு இருந்தா 2009ல 23வது வாரம் செஞ்சது, அந்த டயரை நம்பி வேகமா ஒரு வளைவு கூட திரும்பாதீங்க. நாலு டயரையும் வெலையில சேத்துக்கோங்க. என்னைக் கேட்டா வருஷத்துக்கு 5,000, 6,000 ஓடி, ஒழுங்கா ஆயில் மாத்தின வண்டிக்குத்தான் நான் போவேன்.

எம்ஜிபி மேல ஆசை, அந்தப் பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர். நான் பாக்கறது 1970கள்ல வந்த வண்டி. கதவு மூடறப்ப கொஞ்சம் இடிக்குது, கீல் தேஞ்சிருக்கும்ங்கறாரு ஓனர்.

கீலா இருந்தா நல்லதுதான். ஆனா அந்த வண்டிக்கு தனியா சேஸி கெடையாது, கூரையும் இல்ல, மொத்த பலமும் ரெண்டு சில்லுலயும் நடு டன்னல்லயும்தான் இருக்கு. சில்லு துருப்பிடிச்சா வண்டி நடுவுல தொய்யும், தொய்ஞ்சா கதவு இடுக்கு மேல சின்னதாயிடும். கதவை மூடி, இடுக்கு மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்கிட்டு கதவைத் தொறந்து மூடிப் பாருங்க, தரையில மூடின கதவு தூக்கினப்ப மாட்டிக்கிச்சுன்னா அது கீல் விஷயமே இல்ல. புது சில்லு போட்டாச்சுன்னு சொன்னாங்கன்னா வெல்டிங் பண்ண போட்டோ கேளுங்க, பழைய துரு மேலயே புதுத் தகரம் வச்சு மூடின வேலை நெறைய பாத்துட்டேன், கோவம்தான் வருது, உள்ள உக்காந்து போறது ஒரு உயிரு.

பள்ளம் மேடுல போனா டேஷ்போர்டு நடுங்குது. வண்டி போயிடுச்சா?

கூரை வெட்டின எந்த வண்டியும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும், கண்ணாடிச் சட்டத்துல கை வச்சா தெரியும். ஆனா ஸ்டியரிங் காலம் தனியா ஆடுது, கதவு கடகடங்குதுன்னா அடியில பாருங்க. பிஎம்டபிள்யூ இசட்3யா இருந்தா டிக்கி கார்பெட்டைத் தூக்கிப் பாக்காம வாங்கவே வாங்காதீங்க, பின் சக்கரம் ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சு விடற டிஃபரென்ஷியல் மாட்டியிருக்கற எடத்துல டிக்கித் தரையோட ஸ்பாட் வெல்டிங் பிரிஞ்சு கிழியறது அந்த வண்டிக்குத் தெரிஞ்ச நோய்.

ஸ்டியரிங் வீல் மாத்தி, சஸ்பென்ஷன் எறக்கி, பாக்க சூப்பரா இருக்கு. எடுக்கலாமா?

வேற ஸ்டியரிங் வீல்னா அதுல இருந்த ஏர்பேக் எங்கன்னு மொதல்ல கேளுங்க. சாவி போட்டதும் ஏர்பேக் லைட்டு எரிஞ்சு அணையணும், எரியவே இல்லைன்னா பல்பைப் புடுங்கியிருக்கலாம். கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸ் எல்லாம் பெட்டியில வச்சு சேத்துத் தர்றாருன்னா பேசலாம்.

வண்டி ரொம்பப் புடிச்சிருக்கு சார். சாயங்காலம் இன்னொருத்தர் வர்றாராம், இப்பவே அட்வான்ஸ் குடுன்னு சொல்றாரு.

புடிச்சது எனக்குப் புரியுது, இந்த வண்டியெல்லாம் பாத்த ஒடனே நெஞ்சுக்குள்ள எறங்கிடும். அப்படியும் அடியில படுத்துப் பாக்காம, லிஃப்ட்ல ஏத்தாம காசு குடுக்காதீங்க. சேஸி நம்பர் பேப்பர்ல இருக்கறதும் வண்டியில இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க, அந்த மாடல்ல கை வச்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க, அவருக்குக் குடுக்கற கூலி பெருசில்ல. சாயங்காலம் வர்றவர் எடுத்துட்டா எடுத்துக்கட்டும். "நாளைக்கு காலைல ஏழு மணிக்கு வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க"ன்னு சொல்லிட்டு வந்துருங்க, போறப்ப டார்ச்சும் ஒரு பாட்டில் தண்ணியும் எடுத்துக்கோங்க.