சிங்கப்பூரில் பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்டால் கல்விக் கொள்கை மாறுமா?

அண்மையில் இங்குக் குடியேறி, மகளைத் தொடக்கநிலை ஒன்றில் சேர்த்திருப்பதாகச் சொல்லும் நீங்கள், பெற்றோர் சேர்ந்து கேட்டால் கல்வி அமைச்சு செவிசாய்க்குமா, அல்லது பெற்றோர் ஆதரவுக் குழு என்பது விழா நாள்களில் பலகாரத் தட்டு ஏந்துவதற்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தவள் நான். பலகாரத் தட்டும் ஏந்தியிருக்கிறேன், கேட்டதைப் பெற்றும் இருக்கிறேன். எதைக் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது.

கொள்கை அளவில் பெற்றோரின் குரல் வெளிப்படையாக எடுபட்ட நிகழ்வு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2010ஆம் ஆண்டுதான். தொடக்கநிலை ஆறின் முடிவில் எல்லாப் பிள்ளைகளும் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் நான்கு பாடங்களுள் ஒன்றாகச் சம மதிப்புப் பெற்றிருக்கும் தாய்மொழிப் பாடத்தின் பங்கு குறைக்கப்படலாம் என்று பொருள்படும்படி அப்போதைய கல்வி அமைச்சர் இங் எங் ஹென் ஏப்ரலில் சொன்ன கருத்து, பெரும் சலசலப்பை உண்டாக்கியது. கையெழுத்து வேட்டை நடந்தது. மே மாதம், பொதுமக்கள் கூடிக் குரல் எழுப்ப இடமுள்ள ஹோங் லிம் பூங்காவில் கூட்டம் கூடியது. அதே மாதத்தில் பிரதமர் லீ சியன் லூங், தாய்மொழியின் பங்கு குறையாது என்று தெளிவுபடுத்தினார். அங்கே திரண்டவர்களில் பெரும்பாலோர் சீனச் சமூகத்தினர். தமிழுக்கும் அதே பங்கு அன்று காப்பாற்றப்பட்டது என்றாலும், நாம் மட்டும் கேட்டிருந்தால் அவ்வளவு விரைவில் விடை கிடைத்திருக்குமா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

எல்லாக் கோரிக்கைக்கும் சில வாரங்களில் விடை கிடைத்துவிடுவதில்லை. பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்திய பிஎஸ்எல்இ தேர்வின் பழைய டி-ஸ்கோர் மதிப்பெண் முறை பற்றிப் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் மனக்குறைப்பட்ட பிறகு, பிரதமரின் 2013 தேசிய தினப் பேரணி உரையில் அது மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது; பிறரோடு ஒப்பிடாமல் அவரவர் மதிப்பெண்ணைக் கொண்டே நிலை தரும் புதிய அடைவுநிலை முறை 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பு வந்த ஆண்டில் தொடக்கநிலை ஒன்றில் இருந்த பிள்ளை, அதற்குள் உயர்நிலை மூன்றுக்குப் போய்விட்டது.

சிறுபான்மையினர் கேட்டுப் பெற்றதற்கு இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகிய மொழிகள் நல்ல சான்று. ஒரு காலத்தில் அம்மொழிகளைப் பேசும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டாம் மொழியாகத் தமிழையோ மலாயையோ எடுக்க வேண்டியிருந்தது. 1990ஆம் ஆண்டுவாக்கில் அவர்களுடைய மொழிகளுக்கும் தேர்வில் இடம் கிடைத்தது. பாடம் நடத்தும் பொறுப்பின் பெரும்பகுதியை அந்தச் சமூகத்தினரே ஏற்று, வார இறுதி வகுப்புகளை நடத்தத் தொடங்கினர். கோரிக்கையோடு வேலையையும் சேர்த்துச் சுமந்து சென்றதால்தான் அரசாங்கத்திற்கு இசைவது எளிதாக இருந்தது என்பது என் கணிப்பு.

இதைச் சிறிய அளவில் என் மகனின் பள்ளியிலும் கண்டேன். அவன் தொடக்கநிலை நான்கில் இருந்தபோது, தாய்மொழி நேரத்தில் வகுப்பறைகள் எல்லாம் சீன வகுப்புகளுக்குப் போய்விட, தமிழ்ப் பிள்ளைகளை இசையறைக்கு அனுப்பினார்கள். மேசை கிடையாது, மடியில் வைத்து எழுதினார்கள். பலகையிலோ இசைக் குறிப்பு எழுதுவதற்கான ஐந்து கோடுகள் அழியாத மையில் அச்சாகியிருந்தன. அவற்றின் நடுவே ஆசிரியை எழுதியதைப் பார்த்தே எழுதியதால், என் மகனின் ஏட்டில் ணகரம் ஒரு கோட்டிலும் அதன் கொம்பு இன்னொரு கோட்டிலும் ஏறி நின்றன. எங்களில் ஒருவர் கோபத்தோடு அமைச்சுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பணிவான பதில் வந்தது. பள்ளிக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. ஒரு தவணை முழுவதும் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஏழு பெற்றோர் சேர்ந்து கால அட்டவணையை வாங்கி உட்கார்ந்து பார்த்தபோது, அந்த நேரத்தில் கலைப் பயிற்சிக்கான அறை வாரத்தில் நான்கு நாள் காலியாக இருப்பது தெரிந்தது. ஒரே பக்கத்தில் எழுதி முதல்வரிடம் கொடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு மேசை கிடைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஏழு பேரும் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள். குழுக் கூட்டம் வார நாளில் காலை பத்து மணிக்கு நடந்தால், சுழல்முறை வேலை பார்க்கும் தகப்பனின் குரல் அங்கே ஒலிக்காது. விரும்பிய பள்ளியில் இடம் கிடைக்கும் என்ற எண்ணத்தில், பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பே 40 மணி நேரம் தொண்டூழியம் செய்யும் பெற்றோர் பலர், சேர்ந்தபின் கூட்டத்துப் பக்கம் வருவதில்லை என்பதும் தெரிந்த கதைதான்.

அட்டவணையைக் காட்டித் தீர்க்க முடியாதவையும் இருக்கின்றன. வகுப்பின் அளவு அதில் முதலாவது. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் வரை. மூன்றிலிருந்து 40 வரை. இதைக் குறைக்க வேண்டுமென்று பெற்றோர் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள், நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுப்பப்பட்டிருக்கிறது. அதற்கு ஆசிரியர் எண்ணிக்கையும் பணமும் வேண்டும் என்பதால் அமைச்சு அசைந்து கொடுப்பதில்லை. உங்கள் மகள் மூன்றாம் நிலைக்குப் போகும்போது இந்தக் கணக்கை நேரிலேயே காண்பீர்கள். ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நானும் கேட்டேன், குறித்துக்கொண்டார்கள்.