மெஷ் பகுதிகளை எங்கே பிரிப்பது?

கேள்வி: ஓப்பனிங், பீம்கள், இரண்டு வேறு தடிமன்கள் உள்ள ஒரு ஸ்லாபை மாடல் செய்கிறேன். முழுவதையும் ஒரே பகுதியாக மெஷ் செய்யலாமா (அதாவது, கணக்கிடச் சிறு துண்டுகளாக்கலாமா)? பிரிப்பதென்றால் எதை வைத்துப் பிரிப்பது?

பிரியுங்கள். ஆனால் எலிமென்ட் (மெஷின் ஒரு சிறு துண்டு) அளவைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம்.

ஸ்லாபில் ஏதாவது ஒன்று மாறுகிற ஒவ்வொரு கோடும் ஒரு பகுதியின் எல்லை. தடிமன் மாறும் இடம், பீம் ஓடும் இடம், கீழே சுவர் தாங்கும் இடம், ஓப்பனிங்கின் விளிம்பு, மேலே தடுப்புச்சுவரின் சுமை இறங்கும் இடம், எல்லாமே. தூண் வரும் புள்ளியில் ஒரு நோட் (எலிமென்ட்கள் இணையும் புள்ளி) கட்டாயம். இந்தக் கோடுகளை முதலில் போட்டுவிட்டால் பகுதிகள் பெரும்பாலும் நாற்கரமாகவே அமையும், மெஷும் சீராக விழும்.

மிகவும் கவனிக்க வேண்டியது இரண்டு பகுதிகள் சந்திக்கும் விளிம்பு. பொது விளிம்பை ஒரு பக்கம் 8 ஆகவும் மறுபக்கம் 6 ஆகவும் பிரித்தால், திரையில் ஒட்டியிருப்பதுபோலத்தான் தெரியும். உண்மையில் இரு முனைகளிலும் நடுவிலும் மட்டுமே நோட்கள் பொருந்தும். மற்றவை அந்தரத்தில் நிற்கும், அவற்றின் வழியே விசை கடக்காது. பீமும் அப்படித்தான். ஸ்லாபின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டால் போதாது, வழியில் உள்ள ஒவ்வொரு நோட்டிலும் அது இணைய வேண்டும். இந்தத் தவறு இருந்தாலும் தாங்கிகளில் வரும் மொத்த ரியாக்‌ஷன் மொத்தச் சுமைக்குச் சரியாகவே வந்துவிடும் என்பதால், அந்தச் சரிபார்ப்பை மட்டும் நம்பாதீர்கள். வளைந்த வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு பிளந்து தெரிந்தால் அங்கே இணைப்பு இல்லை. சாப்2000 மென்பொருளில் எட்ஜ் கன்ஸ்ட்ரெய்ன்ட், அபாகஸில் டை கன்ஸ்ட்ரெய்ன்ட் என்று பொருந்தாத மெஷை இணைக்கும் வசதிகள் உண்டு. ஆனாலும் இப்படிப்பட்ட ஸ்லாபுக்கு நோட்களையே பொருத்திவிடுவதுதான் நல்லது என்பேன்.

சரி, இப்போது அளவு. ஒரு ஸ்பானுக்கு 8 முதல் 10 எலிமென்ட் என்று தொடங்கி, பிறகு அளவைப் பாதியாக்கி ஒப்பிடுங்கள். ஓப்பனிங்கின் மூலையிலும், தூணை ஒற்றைப் புள்ளியாக வைத்த இடத்திலும் மெஷ் சிறிதாகச் சிறிதாக மொமென்ட்டின் (ஸ்லாபை வளைக்கும் திருப்புவிசையின்) மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உச்சத்துக்குக் கம்பி கணக்கிட வேண்டாம். தூணின் முகத்தில் வரும் மொமென்ட்டை எடுங்கள்.

எல்லாப் பகுதிகளுக்கும் லோக்கல் ஆக்ஸிஸ் (எலிமென்ட்டின் சொந்த அச்சுகள்) ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்று மட்டும் 90 டிகிரி திரும்பியிருந்தால் அங்கே இரு திசை மொமென்ட்டும் இடம் மாறி வரும். லோக்கல் திசையில் கொடுத்த அழுத்தச் சுமை, தலைகீழான எலிமென்ட்டில் எதிர்ப்பக்கம் பாயும்.

அப்புறம், ஒவ்வொரு தடிமனுக்கும் தனி குரூப் வைத்து, தளமும் தடிமனும் தெரியும்படி பெயர் கொடுங்கள். முடிவுகளைப் பார்க்கும்போது ஸ்ட்ரெஸ் சராசரியை அந்த குரூப்புக்குள் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். 150 மி.மீ. ஸ்லாபும் 250 மி.மீ. ஸ்லாபும் சேரும் கோட்டில் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாத ஒரு எண்தான் கிடைக்கும்.