துபாஷியின் தனிமை

அன்புள்ள அக்கா,

மெக்ஸிகக் கவிஞர் ஒக்தாவியோ பாஸின் 'தனிமையின் புதிர்வழி' பாதி படித்திருக்கிறேன். மெக்ஸிகர்கள் முகமூடிக்குள் ஒளிந்திருக்கும் தனியர்கள் என்கிறார். வேலைக்காக ஊர் மாறி வந்து ஒற்றை அறையில் இருக்கும் எனக்கு, என்னைப் பற்றியே எழுதியதுபோல இருக்கிறது. ஒரு தேசத்துக்கே தனிமை குணமாக இருக்குமா? நண்பரின் பிரதி இது. எந்தப் பதிப்பை வாங்கலாம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் அந்தப் புத்தகத்தைத்தான் மறுபடி எடுத்து வைத்திருந்தேன். ராத்திரி தனியாகச் சாப்பிடுகிறவருக்கு அது எப்படி உள்ளே இறங்கும் என்று தெரியும். முதலில் தினமும் யாரிடமாவது பத்து நிமிஷம் பேசுங்கள்.

ஆனால் உங்கள் அறையின் தனிமையை ஒரு தேசத்தின் தலையில் ஏற்றாதீர்கள். மெக்ஸிகர் என்றால் முகமூடி என்று மனப்பாடமே பண்ணிவிட்டீர்கள். 68 பூர்வகுடி மொழிகளை அரசே அங்கீகரித்த நாடு அது. அத்தனை பேருக்கும் ஒரே முகமூடியா? பாஸின் புத்தகம் வந்தது 1950-ல். திருவிழா, இறந்தோர் நாள் எல்லாம் அழகாக எழுதியிருக்கிறார், சரி. எனக்கு ஆறாதது நான்காம் அத்தியாயம்தான்.

அதில் மாலின்சே என்ற பூர்வகுடிப் பெண் வருகிறாள். அந்த மண்ணைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்தேஸுக்குத் தன்னை விரும்பித் தந்தவள், மெக்ஸிகோ மக்கள் அவளை மன்னிக்கவே இல்லை என்கிறார். எதற்கு மன்னிப்பு? சிறுவயதிலேயே மாயர்களிடம் அடிமையாகப் போனவள். 1519-ல் தபாஸ்கோவில் 20 பெண்களில் ஒருத்தியாக அவளைக் கோர்தேஸிடம் ஒப்படைத்தார்கள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கு மெக்ஸிகோ என்றொரு தேசமே கிடையாது. கோர்தேஸ் வீழ்த்திய அஸ்தெக் தலைநகரான தெனோச்தித்லானின் மன்னர் அவளுக்குச் சொந்தமா பந்தமா? அஸ்தெக்குகளுக்குப் பகையான த்லாக்ஸ்காலா வீரர்கள் ஆயிரக்கணக்கில் கோர்தேஸோடு போனார்களே, அவர்கள் பெயர் ஏன் வசைச்சொல் ஆகவில்லை? அந்நிய மோகம் பிடித்தவனை இன்றும் 'மாலின்சிஸ்தா' என்றுதான் திட்டுகிறார்கள்.

அவள் துபாஷி. கோர்தேஸின் ஸ்பானிஷை அகிலார் என்ற ஸ்பானியர் மாய மொழியில் சொல்ல, அவள் அதை அஸ்தெக்குகளின் மொழியான நவாத்தில் சொல்வாள். பிறகு ஸ்பானிஷும் கற்றுக்கொண்டாள். ஊர்க்காரர்கள் கோர்தேஸையே 'மாலின்சே' என்று அவள் பெயரால் கூப்பிட்டார்கள். அக்காலச் சித்திரங்களில் பேச்சைக் குறிக்க வாயிலிருந்து சின்னச் சுருள்கள் கிளம்பும். அவள் நடுவில் நிற்கிறாள், சுருள்கள் இரண்டு பக்கமும் போகின்றன. அவள் கைப்பட எழுதிய ஒரு வரிகூட இன்று இல்லை.

பன்னிரண்டு வயதில், பம்பாயில், பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டருக்கு இந்தி, பாட்டிக்குத் தமிழ். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர் சொன்னதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அப்புறம் நாலு நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அந்த அத்தியாயத்தை எப்போது படித்தாலும் அந்த டம்ளர்தான் ஞாபகம் வருகிறது.

பதிப்பு கேட்டிருந்தீர்களே. 1968-ல் மெக்ஸிகோ நகரின் த்லாதெலோல்கோவில் போராடிய மாணவர்களை அரசு சுட்டதும், தில்லியில் மெக்ஸிகோவின் தூதராக இருந்த பாஸ் அந்தப் பதவியை விட்டு விலகினார். அதன்பின் 1970-ல் வெளிவந்த பின்னுரையும் சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.