வாசகர் கேள்வி: அப்பாவுக்குப் பழைய ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. வெளியூருக்குத் தனியாகவே கார் ஓட்டிப் போவார். செல்போனில் மேப் போட்டுக் கொடுத்தால், நடுவில் அழைப்பு வந்ததும் வழி மறைந்துவிடுகிறது என்று எரிச்சல்படுகிறார். நண்பர் ஒருவர் தான் பயன்படுத்திய, முன்கண்ணாடியில் ஒட்டும் ஜிபிஎஸ் கருவியைத் தருகிறேன் என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: நானும் அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். மேப் கருவிக்குள்ளேயே இருப்பதால் டவர் கிடைக்காத மலைப்பாதையிலும் வழி சொல்லும். ஆனால் உடனே வாங்கிவிடாதீர்கள். ஒரு வாரம் இரவல் கேளுங்கள்.

முதலில் காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கருவி காட்டும் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரக் கணக்கில்தான் நாளை எண்ணுகின்றன. 1,024 வாரம் ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். கடைசியாக அப்படி வந்தது 2019 ஏப்ரலில். அதற்கான அப்டேட் இல்லாத சில பழைய கருவிகள் தேதியை 20 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் காட்டும். அப்டேட் செய்தும் தேதி சரியாகாவிட்டால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் புது மேப்பும் வரப்போவதில்லை.

பல மாதம் பெட்டியில் கிடந்த கருவி முதல் நாள் இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் அதற்கு வேண்டும். ஒவ்வொன்றும் தான் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் அனுப்புகிறது. செல்போனுக்கு அந்த விவரம் நெட் வழியாகவே வந்துவிடும், அதனால்தான் அந்த வேகம். மறுநாளும் அதே தாமதம் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

உண்மையான சோதனை ரோட்டில்தான். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாதையில் போகும்போது, கருவி திரும்பச் சொல்லும் இடத்தில் வேண்டுமென்றே நேராகப் போங்கள். பக்கத்தில் இருப்பவர் கடிகாரம் பார்க்கட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். புது வழி சொல்லப் பத்து விநாடி ஆனால் 170 மீட்டர் போய்விடும், அதற்குள் அடுத்த திருப்பமும் கடந்திருக்கும்.

மேம்பாலம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் முதல் கருவியோடு ஒருநாள் பாலத்துக்குக் கீழே உள்ள ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். நான் மேலே போவதாக நினைத்து அது ‘நேராகச் செல்லவும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பாலம் முடிந்த பிறகுதான் திரையில் அம்புக்குறி துள்ளி, சரியான ரோட்டுக்கு வந்தது. மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது. பின் சீட்டில் என் மகள் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மேலும் கீழும் ரோடு உள்ள இடத்தில் ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கருவியையும் நான் நல்லது என்று சொல்வதில்லை.

இந்தக் கருவிகளில் பேட்டரி சிறியது, ஒயர் போட்டே ஓட்ட வேண்டியிருக்கும். சார்ஜர் முனையை லேசாக ஆட்டுங்கள். ஸ்கிரீன் மங்கி மங்கித் தெளிந்தால் அந்தத் துளை தேய்ந்துவிட்டது. பாதி வழியில் அணைந்துபோகும். ஒட்டும் ரப்பரும் வெயிலில் இறுகியிருக்கலாம், விளிம்பை விரலால் மடித்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும்.

கடைசிச் சோதனை அப்பாவுடையது. கார் நிற்கும்போது, தங்கை வீட்டு முகவரியை அவரே அடிக்கட்டும். நீங்கள் கை நீட்டாதீர்கள். கண்ணாடியைத் தூக்கித் தூக்கி எழுத்தைத் தேடுகிறாரா, ஒரு எழுத்துக்கு இரண்டு மூன்று முறை அழுத்துகிறாரா என்று கவனியுங்கள். சிரமப்பட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் இது வேண்டாம். பெரிய ஸ்கிரீன் உள்ளதாகத் தேடுங்கள்.